பார்க்கில் நடக்கும் எடை கூடியவர்களுக்கு வழியில் கிடைக்கும் இலவச ஆலோசனை: என்ன செய்வது?

காலைநடை_மாம்பலம்

ஷூ, தூரம், நேரம் பற்றியெல்லாம் இந்த இணைய மன்றத்தில் இழைகள் நிறைய உண்டு. ஆனால் 100 கிலோவைத் தாண்டிய ஒருவர் நடக்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே நிறுத்திவிடுகிறார் என்றால், முழங்காலுக்கு அடுத்தபடியாக அதற்குக் காரணம் எதிரே வருபவர்களின் வாய்தான். நடேசன் பார்க், பனகல் பார்க், மெரினா அணுகுசாலை, கோவை ரேஸ் கோர்ஸ், எங்கே போனாலும் வசனம் மாறுவதில்லை. "இப்படி மெதுவா நடந்தா ஒண்ணும் குறையாது." "முதல்ல சோத்தை நிறுத்துங்க." "தைராய்டா?" "பொண்ணு பாக்குறாங்களா?" "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு, காலைல கொள்ளுத் தண்ணி குடிங்க." போதாக்குறைக்கு முன்பின் தெரியாதவர் கட்டைவிரலைக் காட்டி "சூப்பர், விட்டுடாதீங்க" என்பது. இன்னொரு பக்கம் பைக்கில் போகிற பையன்கள்.

மனம் எப்படி நொந்தது என்ற கதைகள் வேண்டாம், அவை எல்லோருக்கும் தெரியும். நடக்கிறவர் கையாளக்கூடிய செய்முறைகளை மட்டும் எழுதுங்கள். எந்த ஆலோசனை தவறு, ஏன் தவறு, என்ன பதில் சொன்னால் பேச்சு நிற்கும், எங்கே புகார் செய்வது.

பிசியோ_கோவை

காயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதை யாரும் பேசுவதில்லை.

"இன்னும் வேகமா" என்று ஒருவர் சொன்னவுடன் நடப்பவர் என்ன செய்கிறார்? அடி எண்ணிக்கையை மட்டும் கூட்டுவதில்லை, அடியையும் நீட்டுகிறார். குதிகால் உடம்புக்கு வெகுதூரம் முன்னால் போய் விழுகிறது. பாதம் தரையில் பட்டென்று அடிக்காமல் மெல்ல இறக்குவது முன்காலில் (முழங்காலுக்குக் கீழே முன்பக்கம்) எலும்பை ஒட்டியுள்ள தசையின் வேலை. நீட்டிய அடியில் அதற்குச் சுமை கூடுகிறது, எடை கூடியவருக்கு இன்னும் கூடுகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் முன்காலில் எரிகிற மாதிரி வலி, இரண்டு நாள் லீவு, பிறகு நடையே நின்றுவிடும். சமதரையில் நடக்கும்போது முழங்கால் மூட்டில் விழும் சுமை உடல் எடையைப்போல் சுமார் இரண்டு முதல் மூன்று மடங்கு. 110 கிலோ ஆளுக்கு அது அடிக்கு 220 முதல் 330 கிலோ. நின்று வேடிக்கை பார்ப்பவர் இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் "வேகமா" என்கிறாரா?

இன்னொன்றும் உண்டு. ஒரே வேகத்தில் நடக்கும் 65 கிலோ ஆளும் 110 கிலோ ஆளும் ஒரே உழைப்பைச் செய்வதில்லை. கனமான உடலை நகர்த்த ஆக்சிஜன் கூடுதலாகத் தேவை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வேகம் மட்டும்தான் தெரியும், உழைப்பு தெரியாது. அவருக்கு உலாத்தலாகத் தெரிவது உங்களுக்கு நடுத்தரத் தீவிரமாகவே இருக்கலாம். ஆகவே அளவுகோல் உங்கள் கையில் இருக்க வேண்டும்:

15 விநாடிக்கு எத்தனை அடி விழுகிறது என்று எண்ணுங்கள். 25 வந்தால் நிமிடத்துக்கு 100. பெரும்பாலானவர்களுக்கு நடுத்தரத் தீவிரம் அங்கேதான் தொடங்குகிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு 20, 22 வந்தாலே போதும். எண்ணப் பிடிக்காவிட்டால், நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது.

முதல் இரண்டு வாரம் 10 நிமிடம் காலை, 10 நிமிடம் மாலை, வாரம் ஐந்து நாள், சமதரை. மூன்றாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு நடையிலும் வாரத்துக்கு 2 அல்லது 3 நிமிடம் கூட்டினால் பத்தாவது வாரத்தில் ஒரே மூச்சில் 30 நிமிடம் வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குச் சொல்வது 150 முதல் 300 நிமிடம். பத்தாவது வாரத்தில் காலை நடை மட்டுமே அந்தக் கீழ்வரம்பைத் தொட்டுவிடும்.

கமெண்ட் விழுந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த இரண்டு நிமிடம் அடிகளை எண்ணுங்கள். முன்பு 22 இருந்தது 26 ஆகியிருந்தால் 22க்கு இறக்குங்கள். வலியைத் தொடக்கி வைப்பது பெரும்பாலும் அந்த இரண்டு நிமிடம்தான்.

ரிட்டயர்டு_சார்

எல்லோரையும் எதிரியாகப் பார்க்காதீர்கள். நம் ஊர்ப் பூங்கா ஒன்றும் ஆஸ்பத்திரி வார்டு இல்லை. எதிரே வருகிறவரிடம் நாலு வார்த்தை பேசுவது நம் பழக்கம். ஒல்லியாக இருப்பவரிடம் "என்ன சார், சாப்பிடறதே இல்லையா" என்கிறோம், தடியாக இருப்பவரிடம் "குறைங்க" என்கிறோம். அக்கறைதான். மாரடைப்பு வந்து விழுந்த பிறகு "யாராவது சொல்லியிருக்கலாமே" என்று கேட்பதும் நீங்கள்தான்.

டவர்பார்க்_அக்கா

ஐயா, 105 கிலோ எடையுள்ள பெண்ணுக்குத் தன் எடை தெரியாது என்று நினைக்கிறீர்களா? கண்ணாடி, தராசு, டாக்டர், மாமியார், தையல்காரர் என்று எல்லோரும் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். பார்க்கில் அதைச் சொல்பவர் புதிதாக எந்தத் தகவலையும் தரவில்லை. அதுவும் நடந்துகொண்டிருப்பவரிடம் போய் நடக்கச் சொல்வது!

சரி, பதில்களுக்கு வருகிறேன். ஆளைப் பொறுத்துப் பதில் மாற வேண்டும்.

பெரியவர்களுக்கு: "சரிங்க ஐயா." அவ்வளவுதான். நடையை நிறுத்தக் கூடாது, உடம்பைத் திருப்பக் கூடாது. நின்றால் பேச்சு குறைந்தது ஐந்து நிமிடம். "டாக்டர் சொன்னபடிதான் பண்றேன்" என்ற பதிலைப் பலரும் சிபாரிசு செய்கிறார்கள், அது பாதிதான் வேலை செய்யும். "எந்த டாக்டர்? எங்க பையனுக்குப் பார்த்தவர் ஒருத்தர் இருக்கார்" என்று அடுத்த கதவு திறக்கும். அதைவிட, "பேசினா மூச்சு வாங்குதுங்க, வரேன்" மேல். மூச்சை யாரும் எதிர்த்து வாதாட முடியாது.

கேள்வி கேட்கிற பெண்களுக்கு (தைராய்டா, பிசிஓடியா, குழந்தை எத்தனை, சிசேரியனா): பதிலே சொல்லாதீர்கள். ஒரு பதில் சொன்னால் மூன்று கேள்வி வரும். "நீங்க எத்தனை ரவுண்டு, அக்கா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுக் கடந்துவிடுங்கள். தன்னைப் பற்றிப் பேச யாருக்குத்தான் பிடிக்காது? நீங்கள் அடுத்த வளைவுக்குப் போகும் வரை அவர் பேசிக்கொண்டிருப்பார்.

தினமும் வரும் அதே ஆள் தினமும் சொன்னால்: ஒரு முறை நின்று, முகம் பார்த்து, சிரிக்காமல், "என் உடம்பைப் பத்திப் பேசாதீங்க சார். வணக்கம் சொல்லுங்க, போதும்." இங்கே சிரிப்புதான் கெடுக்கும். சிரித்துக்கொண்டே சொன்னால் அவருக்கு அது சம்மதமாகத்தான் கேட்கும். பெரும்பாலானவர்கள் இதற்குப் பிறகு கோபித்துக்கொண்டு வணக்கத்தையும் நிறுத்திவிடுவார்கள். நட்டம் ஒன்றுமில்லை.

பையன்கள் கத்தினால் பதில் கிடையாது, வேகமும் கூடாது. பெயர்ப்பலகை, வாட்ச்மேன், டீக்கடை, எங்கே ஆள் இருக்கிறார்களோ அந்தப் பக்கம் திரும்புங்கள். வண்டி எண்ணை வாய்விட்டு உரக்கப் படியுங்கள். போனை எடுத்துப் படம் பிடிக்கிற மாதிரி நீட்டினால் சில நேரம் அவர்கள் நின்று வம்புக்கு வருவார்கள், எண்ணைப் படித்தால் போய்விடுகிறார்கள்.

மெரினா_மணல்

"சூப்பர், விட்டுடாதீங்க" என்பதுமா குற்றம்? நல்ல வார்த்தைதானே?

டவர்பார்க்_அக்கா

குற்றம் என்று யார் சொன்னது? பக்கத்தில் மூச்சிரைக்க ஓடும் ஒல்லியான பையனுக்கும் அதையே சொன்னால் அது நல்ல வார்த்தை. அவனை விட்டுவிட்டு இவளுக்கு மட்டும் சொன்னால், அவள் உடம்பைப் பார்த்துத்தான் சொன்னீர்கள் என்று அவளுக்குத் தெரியும். "குட் மார்னிங்" போதும்.

சர்க்கரைக்கணக்கு

இலவச ஆலோசனைகளில் நேரடியாக ஆபத்தானவற்றை மட்டும் எழுதுகிறேன். மற்றவை நேர விரயம்.

"வெறும் வயித்துல நடந்தாத்தான் கொழுப்பு கரையும்." எடை கூடியவர்களில் கணிசமானோர் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள். இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு இவற்றில் ஏதாவது எடுப்பவர் ஒன்றும் சாப்பிடாமல் 40 நிமிடம் நடந்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கலாம். நடுக்கம், குப்பென்று வியர்வை, கண் இருட்டல், பேச்சுக் குழறல். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. பையில் மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பொடி மடித்து வைத்திருங்கள், அது சுமார் 15 கிராம். அறிகுறி வந்தால் உட்கார்ந்து அதைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள், சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. பிஸ்கட் மெதுவாகத்தான் வேலை செய்யும், டயட் கோலா வேலையே செய்யாது. வெறும் வயிற்றில் நடப்பதைவிடச் சாப்பிட்ட பிறகு 10, 15 நிமிடம் நடப்பது சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

"செருப்பைக் கழட்டிட்டு கூழாங்கல்லுல நடங்க." மாநகராட்சிப் பூங்காக்களில் எட்டு வடிவப் பாதையைக் கூழாங்கல் பதித்துப் போட்டிருக்கிறார்கள். பல வருடச் சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு அது பொறி. கல் குத்தியது தெரியாது, கொப்புளம் தெரியாது, ஒரு வாரம் கழித்துப் புண்ணாகத்தான் தெரியும். அவர்கள் ஷூவோடுதான் நடக்க வேண்டும். இரவு ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

எட்டு நடைக்கு மாயம் எதுவும் இல்லை. 20 நிமிடம் எட்டுப் போட்டாலும் 20 நிமிடம் நேராகப் போனாலும் உடம்புக்கு அது நடைதான். வளைவு இறுக்கமாக இருந்தால் ஏற்கெனவே தேய்ந்த முழங்காலில் முறுக்கு விழும், வலித்தால் பெரிய வட்டத்துக்கு மாறுங்கள்.

"நாடி பிடிச்சுப் பாருங்க, 130 வரணும்." அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு நாடி அவ்வளவு ஏறவே ஏறாது. ஏற்றப் பார்த்தால் மயக்கம்தான் வரும். அவர்களுக்கு மேலே பிசியோ சொன்ன பேச்சுச் சோதனையே சரி.

"பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டு நடங்க, வயித்துல பெல்ட் கட்டுங்க." போவது தண்ணீர். இரண்டு டம்ளர் குடித்தால் தராசு பழைய இடத்துக்கு வந்துவிடும். சென்னை மே மாதத்தில் இதைச் செய்வது வெப்பத் தாக்குதலுக்கு அழைப்பிதழ்.

மெரினா_மணல்

கடற்கரைக்கு வருகிறவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். "ஷூவைக் கழட்டிட்டு மணல்ல நடங்க, சீக்கிரம் குறையும்" என்பது இங்கே தேசிய கீதம். தளர்ந்த மணலில் நடக்கக் கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும் என்பது உண்மைதான். அதனாலேயே தொடக்கத்தில் கூடாது. குதிகால் புதைவதால் கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் இழுபடும், கணுக்கால் பிரளும். உழைப்பாளர் சிலைக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் நடுவே உள்ள நடைபாதையிலேயே போங்கள். மணல் ஆசை இருந்தால் ஆறு வாரம் கழித்து, அலை நனைத்த கெட்டி மணலில், 5 நிமிடம்.

பிசியோ_கோவை

அதில் ஒரு திருத்தம். அலை ஓரக் கெட்டி மணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் போனால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். 5 நிமிடம் என்றால் இரண்டரை போய் இரண்டரை திரும்புங்கள்.

தையல்மிஷின்_ஈரோடு

கமெண்ட் அடிப்பவர்கள் கண் முதலில் போவது துணி ஏறி இறங்குகிற இடத்துக்குத்தான். அதைவிட முக்கியம், துணி தொந்தரவு செய்தால் நடப்பவரின் கை அடிக்கடி அதை இழுத்து விடும், கவனம் முழுக்க "யார் பார்க்கிறார்கள்" என்பதில் போய்விடும். துணியை ஒருமுறை சரிசெய்துவிட்டால் பாதி நிம்மதி.

தொடை உரசல்: உள்ளே நைலான் ஸ்பான்டெக்ஸ் கலந்த ஷார்ட்ஸ், தொடை நீளம் குறைந்தது 15 செ.மீ., 20 இருந்தால் நல்லது. குட்டையாக இருந்தால் சுருண்டு மேலே ஏறி அதுவே அறுக்கும். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கும், ஈரத்துணிதான் தோலைத் தேய்க்கும். புடவைக்காரர்களுக்கும் பாவாடைக்குள் இதே ஷார்ட்ஸ்தான். கிளம்பும் முன் தொடை இடுக்கிலும் அக்குளிலும் வாசலின் மெல்லிய பூச்சு. பவுடர் வேண்டாம், வியர்வையில் குழைந்து மணலாகும்.

சுடிதார் பேன்ட் தைக்கக் கொடுப்பவர்கள் நான்கு தையலும் ஒரே புள்ளியில் சேராமல் நடுவில் 10 செ.மீ. பக்கம் உள்ள டைமண்ட் துண்டு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். கிழிவதும் குறையும், உரசலும் குறையும். டாப்ஸுக்கு சைடு ஓபனை இடுப்பெலும்புக்கு ஒரு கை கீழே தொடங்கச் சொல்லுங்கள், மேலே தொடங்கினால் காற்றில் பறக்கும். துப்பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு டாப்ஸின் மேல் ஒரு ஓவர்கோட் மாதிரி ஜிப் வைத்த மெல்லிய சட்டை போடுபவர்கள் கூடிவருகிறார்கள், அது நல்ல யோசனை.

சர்க்கரைக்கணக்கு

தொடை இடுக்கில் வட்டமாகச் சிவந்து ஓரம் தடித்து அரித்தால் அது உரசல் இல்லை, படர்தாமரை. "மெடிக்கல்ல போய் இந்த கிரீம் வாங்கிப் போடுங்க" என்ற பூங்கா ஆலோசனையைக் கேட்காதீர்கள். கடையில் சும்மா எடுத்துத் தரும் கலவை கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. ஒரு வாரத்தில் சிவப்பு அடங்கும், பிறகு இரண்டு மடங்கு பரவும், தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். தோல் மருத்துவரிடம் போங்கள்.

ஜிம்தம்பி_மதுரை

பார்க்கைவிட ஜிம்மில் இலவச வாத்தியார்கள் அதிகம். அங்கே மிகவும் கெடுதல் செய்கிற வாக்கியம்: "முதல்ல டிரெட்மில்லுல எடையைக் குறைங்க பாஸ், அப்புறம் வெயிட் தொடலாம்." இது தலைகீழ். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகும். தசையைப் பிடித்துவைக்க முதல் நாளிலிருந்தே வாரம் இரண்டு நாள் வலுப்பயிற்சி வேண்டும். அதோடு எடை கூடியவர் நடையில் சிரமப்படுவார், ஆனால் லெக் பிரஸ்ஸில் (காலால் எடை தள்ளும் மெஷின்) பக்கத்து ஆளைவிடக் கூடுதலாகத் தள்ளுவார். இத்தனை நாள் அந்த உடம்பைச் சுமந்த கால் அது.

தொடக்க வரிசை: 45 செ.மீ. உயர நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, 8 முறை, 3 சுற்று. முடியவில்லை என்றால் மேலே ஒரு தலையணை போட்டு உயர்த்துங்கள். சுவரில் கை ஊன்றிய புஷ் அப், 10 முறை, 3 சுற்று. உட்கார்ந்து இழுக்கும் ரோயிங் மெஷின், 10 முறை, 3 சுற்று. இரண்டு கையிலும் டம்பெல் பிடித்து 20 மீட்டர் நடை, 3 தடவை. சுற்றுக்கு நடுவே ஒன்றரை நிமிடம் ஓய்வு. கடைசி இரண்டு முறை கடினமாக இருக்க வேண்டும், மூச்சை அடக்கக் கூடாது. குதிக்கிற பயிற்சி, பர்ப்பீ, கயிறு எதுவும் இப்போது வேண்டாம், யார் சவால் விட்டாலும்.

வீட்டு டிரெட்மில் வாங்குவோர் கவனத்துக்கு: தகட்டில் பயனர் எடை வரம்பு போட்டிருக்கும், வீட்டு மாடல்கள் பலவற்றில் அது 100, 110, 120 என்று இருக்கும். உங்கள் எடை அதைவிட 15 கிலோவாவது குறைவாக இருக்கட்டும். வரம்பை ஒட்டி ஓட்டினால் பெல்ட் அழுந்தி மோட்டார் சூடாகி வேகம் தடுமாறும். விழுவது அப்போதுதான். விழுந்தால் மெஷினை நிறுத்தும் சிவப்புக் கயிற்று கிளிப்பைச் சட்டையில் மாட்டாமல் ஏறாதீர்கள்.

"ஃபார்ம் தப்பு" என்று பக்கத்து ஆள் கைவைத்துத் திருத்த வந்தால்: "டிரெய்னர்கிட்ட கேட்டுக்கிறேன் அண்ணா." தொட விடாதீர்கள். தொட்டுவிட்டால் பேச்சு அவரிடம் வேண்டாம், நேராக முன்மேசைக்கு. காலை 11லிருந்து மாலை 4 வரை ஜிம் காலியாக இருக்கும். வேலை நேரம் இடம் கொடுத்தால் தொடக்க மாதத்துக்கு அதுவே பொன்னான நேரம்.

காலைநடை_மாம்பலம்

பார்க் வாசலில் மேசை போட்டு எடை மெஷின் வைத்துக்கொண்டு, குண்டாக இருப்பவரை மட்டும் பார்த்து "ஃப்ரீ செக்கப் மேடம்" என்று கூப்பிடுவார்களே, அதைப் பற்றி யாரும் எழுதவில்லையே?

பிசியோ_கோவை

அது கமெண்ட் இல்லை, வியாபாரம். கமெண்டைவிடச் சாமர்த்தியமானது.

அந்த மெஷின் உள்ளங்கால் வழியாகச் சிறு மின்னோட்டம் செலுத்தி, உடம்பிலுள்ள நீரின் அளவை வைத்துக் கொழுப்பை ஊகிக்கிறது. 40 நிமிடம் வியர்த்துவிட்டு வந்து ஏறினால் ஒரு எண், தண்ணீர் குடித்து ஒரு மணி நேரம் கழித்து ஏறினால் வேறு எண். "உங்க உடம்போட வயசு 58" என்று காட்டுவது தயாரித்த கம்பெனியின் சூத்திரம், மருத்துவத்தில் அதற்குப் பொருள் இல்லை. ஆனால் 34 வயதுப் பெண்ணிடம் 58 என்று சொன்னால் அவர் அடுத்த வாக்கியத்தைக் கேட்கத்தானே செய்வார்? அடுத்த வாக்கியம் புரதப்பொடி. மெஷினின் உண்மையான நோக்கம் உங்கள் போன் நம்பர். அதைக் கொடுக்காவிட்டால் ஆட்டம் முடிந்தது.

கொழுப்பை அளக்க இன்ச் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட பிறகு, டேப்பை இறுக்காமல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில். இந்தியர்களுக்கான எல்லை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80. தராசு நகராத மாதத்திலும் டேப் நகரும்.

மேசை பூங்காவுக்குள்ளேயே இருந்தால் சென்னையில் மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்குச் சொல்லலாம்.

கோர்ட்டுவாசல்

சட்டப் பக்கம் சுருக்கமாக. "குண்டு" என்று சொல்வதற்கென்று தனிக் குற்றப்பிரிவு கிடையாது. அதற்கு மேல் போனால் உண்டு. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருப்பதால் பழைய எண்களைச் சொல்லிக்கொண்டு போகாதீர்கள்.

பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்கில் சொல், சைகை, ஒலி: பிரிவு 79, மூன்று ஆண்டு வரை. பாலியல் சாயலுள்ள பேச்சு: பிரிவு 75. தொடர்ந்து பின்னால் வருவது: பிரிவு 78. பொது இடத்தில் ஆபாச வார்த்தை: பிரிவு 296, பழைய 294. கடைசியாகச் சொன்னது ஆண்களுக்கும் பொருந்தும். இவை தவிர தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் இருக்கிறது. அதில் பூங்கா, கடற்கரை இரண்டும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளன.

நடைமுறையில் வழக்கைவிட உதவுவது ரோந்து. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே கும்பல் என்றால் தேதி, நேரம், வண்டி எண், சொன்ன வார்த்தை அப்படியே, இவற்றை ஒரு தாளில் எழுதி நிலையத்தில் மனுவாகக் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். "கிண்டல் பண்ணாங்க" என்று எழுதினால் மனு அப்படியே கிடக்கும். வார்த்தையை எழுதினால் எந்தப் பிரிவு என்று அவர்களுக்கே தெரியும். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவி எண் 181.

ரீல்ஸுக்காக வீடியோ எடுத்தால்: முதலில் இணைப்பை நகலெடுங்கள், கணக்கின் பெயரோடு திரைப்பதிவு எடுங்கள், பிறகுதான் அந்தத் தளத்தில் புகார். முதலில் கமெண்டில் போய்ச் சண்டை போட்டால் அழித்துவிட்டு வேறு கணக்கில் போடுவார்கள், கையில் சாட்சி இருக்காது.

ரிட்டயர்டு_சார்

வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறீர்கள், சரி. அப்படியானால் எப்போது பேசலாம்? கண்ணெதிரே ஒருவர் தள்ளாடினாலும் "சரிங்க" என்று போய்விடவா?

சர்க்கரைக்கணக்கு

நல்ல கேள்வி சார். ஷூ கயிறு அவிழ்ந்திருக்கிறது, பின்னால் வண்டி வருகிறது, நாய் துரத்துகிறது, பை திறந்திருக்கிறது, இவற்றையெல்லாம் யாருக்கும் சொல்லலாம். அதில் எடை எங்கும் வரவில்லை பாருங்கள்.

உடம்பு பற்றிப் பேச வேண்டிய நேரமும் உண்டு. ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றால், இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவுவதாகச் சொன்னால், முகம் வெளிறிக் குளிர்ந்த வியர்வை வந்தால், மறுமொழி குழறினால். வியர்ப்பதும் மூச்சு வாங்குவதும் மட்டும் இதில் சேராது. அவை உடற்பயிற்சி.

முதல் வாக்கியம் "உட்காருங்க, நான் இங்கேயே இருக்கேன்." அடுத்து "சர்க்கரை மாத்திரை எடுக்கிறீங்களா?" ஆம் என்றால், நினைவோடு இருந்தால், சர்க்கரைத் தண்ணீர். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போகும். நெஞ்சு வலி என்றால் நடக்க விடாதீர்கள், ஆட்டோ தேட வேண்டாம், 108. கூட்டத்தை விலக்கி ஒருவரை வாசலுக்கு அனுப்புங்கள், ஆம்புலன்ஸுக்குப் பெரும்பாலும் எந்த வாசல் என்று தெரியாது. "அப்பவே சொன்னேன், இந்த எடைக்கு..." என்று யாராவது தொடங்கினால் அவரைத்தான் வாசலுக்கு அனுப்ப வேண்டும்.

ரிட்டயர்டு_சார்

கடைசி வரி எனக்கா? இருக்கட்டும். வாசல் விஷயம் உருப்படியானது, எங்கள் வாக்கர்ஸ் குரூப்பில் போடுகிறேன். ஆனாலும் ஊரே பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டவர்பார்க்_அக்கா

யாரும் அப்படிச் சொல்லவில்லையே ஐயா. மழை வருமா, பேப்பரில் என்ன, பூ என்ன விலை, எதை வேண்டுமானாலும் பேசுங்கள்.

புதுஷூ_திருச்சி

நாளை தொடங்கப் போகும் 118 கிலோ ஆளுக்கு, கூட்டமில்லாத நேரம் எது, ஷூ என்ன பார்த்து வாங்குவது?

பிசியோ_கோவை

ஐந்தரையிலிருந்து ஏழு வரை பூங்கா நிரம்பி வழியும், ஆலோசகர்களும் அப்போதுதான் வருவார்கள். ஏழரைக்கு மேல் பெஞ்சுகள் காலியாகும். வெயில் மாதங்களில் அது முடியாது, எனவே இருட்டு விலகியதும் உள்ளே போய் 10 நிமிடத்தில் வெளியே வந்துவிடுங்கள், உங்கள் நடை இப்போது அவ்வளவுதானே. எல்லோரும் சுற்றும் திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த்திசையில் போனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு முகத்தையும் இரண்டு முறை சந்திப்பீர்கள். காதில் மாட்டுவதானால் ஒரு காதில் மட்டும், பாட்டு ஓட வேண்டும் என்றுகூட இல்லை, மாட்டியிருப்பதைப் பார்த்தாலே பாதிப் பேர் பேச மாட்டார்கள்.

ஷூவை மாலையில் வாங்குங்கள், பாதம் அப்போது வீங்கியிருக்கும். நடக்கப் போகும் சாக்ஸோடு போட்டு நில்லுங்கள், பெருவிரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடைவெளி. சுண்டுவிரல் பக்கம் துணி புடைத்தால் நீளம் கூட்டிய அளவைக் கேட்காதீர்கள், அகலம் கூடியதைக் கேளுங்கள், பெட்டியில் 2ஈ அல்லது 4ஈ என்று போட்டிருக்கும். பெரிய அளவை வாங்கினால் குதிகால் உள்ளே வழுக்கிக் கொப்புளம் வரும். அடிப்பகுதியைக் கையால் மடக்கிப் பாருங்கள், விரல் பகுதியில் மட்டும் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வைத்துவிடுங்கள். உங்கள் எடைக்கு 500 கிலோமீட்டரிலேயே உள்மெத்தை அமுங்கிவிடும். மேலே புதிதாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள்.

காலையில் கட்டிலிலிருந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் இரண்டு நாள் தூரத்தைப் பாதியாக்கி, சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டி 30 விநாடி, மூன்று முறை. "நடக்க நடக்கச் சரியாயிடும்" என்று பெஞ்சிலிருந்து யாராவது சொல்வார்கள். சரிங்க என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.